இரட்டிப்பாகாத எலி

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவோரத்தில் நிற்கிறவர்களும் உள்ளே வந்து உட்காருங்கள், இடமிருக்கிறது. கையில் தின்ன ஏதாவது வைத்திருந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒரு வாய் கொடுத்துவிட்டுத் தின்னுங்கள். இது சாப்பாட்டைப் பற்றிய கதை. ஒருவர் தின்ன ஒருவர் பார்த்திருந்தால் கதைக்கே வயிறு வலிக்கும். ஒரு பெரிய நிலையத்தின் கதை சொல்கிறேன். அதில் ஓர் அப்பா வருவார், ஒரு சின்னப் பெண் வருவாள், நிறைய எலிகள் வரும். யார் எலி, யார் மனுஷர் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. குழப்பமெல்லாம் அந்த நிலையத்தாருக்குத்தான்.

அந்த ஊரில் வளர்ச்சி உணவு ஆராய்ச்சி நிலையம் என்று ஒன்று இருந்தது. சுற்றிலும் கம்பி வேலி, நடுவில் வெள்ளைக் கட்டடம். ‘ஒன்றையும் விட்டுவிட மாட்டோம்’ என்று அதன் நெற்றியில் பெரிய எழுத்தில் பொறித்திருந்தார்கள். எதை விட்டுவிட மாட்டார்கள் என்று பொறிக்கவில்லை.

அங்கே நடந்த ஆராய்ச்சியைச் சொல்கிறேன், பயப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். தானியத்தில் புரதம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் வளர வேண்டிய சத்துகளில் ஒன்று அதில் குறைச்சல். பயற்றில் அந்தச் சத்து தாராளம், வேறொன்று குறைச்சல். ஒரு வீட்டில் குடம் இருக்கிறது, கயிறு இல்லை. அடுத்த வீட்டில் கயிறு இருக்கிறது, குடம் இல்லை. தனித்தனியாக நின்றால் இரண்டு வீட்டாரும் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் தாகத்தோடு திரும்ப வேண்டியதுதான். சேர்ந்து போனால் இரண்டு வீட்டுக்கும் தண்ணீர்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிலையம் வேண்டுமா என்று கேட்காதீர்கள். எல்லா ஊர் அடுப்புக்கும் இது தெரியும். ஆனால் அடுப்பு சொன்னால் யார் கைதட்டுவார்கள்? எலி சொல்ல வேண்டும்.

அதற்காக மூன்று அறைகள் வைத்திருந்தார்கள். முதல் அறை எலிகளுக்குத் தானிய உருண்டை மட்டும். இரண்டாம் அறைக்குப் பயற்று உருண்டை மட்டும். மூன்றாம் அறைக்கு இரண்டையும் கலந்து பிடித்த உருண்டை. முதல் அறை எலிகள் மயிர் சிலிர்த்துப் போய் மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கும். இரண்டாம் அறை எலிகள் கொஞ்சம் தேவலை, ஆனாலும் விலா எலும்பு தெரியும். மூன்றாம் அறைக் கதவைத் திறந்தால் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, ‘என்ன, இன்னும் ஆகலையா?’ என்று பார்க்கும்.

இந்த மூன்று அறைக்கும் தீனி வைத்து, கூண்டு கழுவி, மரத்தூள் மாற்றுகிறவரை எலிக்காரர் என்பார்கள். படிப்பு ஆராய்ச்சி எதுவும் தெரியாது அவருக்கு. மூன்றாம் அறை எலிகளைத் தூக்கினால் கை வலிக்கிறது, முதல் அறை எலிகளைத் தூக்கினால் மனசு வலிக்கிறது, அவ்வளவுதான் தெரியும்.

அவருக்கு ஒரே பெண். சுண்டுவிரல் மாதிரி பிறந்ததால் சுண்டு என்று கூப்பிட்டார்கள். வளர்ந்ததும் நல்ல பெயராக மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் அப்படி வைத்தார்கள். அவள் வளரவும் இல்லை, பெயர் மாறவும் இல்லை. அவளுக்குப் பின்னால் பிறந்த பக்கத்து வீட்டுப் பையன் அவள் தலைக்கு மேலாகக் கையை நீட்டி ஜன்னல் கம்பியைப் பிடிப்பான். இவள் அவன் கைக்குக் கீழே நின்றுகொண்டு, மழைக்கு ஒதுங்கியவள் மாதிரி சிரிப்பாள். கன்னம் ஒட்டியிருக்கும், முடி செம்பட்டையாக நிற்கும், நாலு எட்டு ஓடினால் உட்கார்ந்துவிடுவாள். வீட்டில் அவளுக்குக் கிடைத்தது தானியக் கஞ்சி. காலையிலும் அதுதான், மாலையிலும் அதுதான்.

பயறு வாங்கிப் போடலாமே என்பீர்கள். எலிக்காரரும் கடைக்குப் போய்க் கேட்டார்தான்.

“பயறா? அது நிலையத்துக்குப் போயிடுச்சுங்க,” என்றார் கடைக்காரர். “மூட்டை இறங்குறதுக்குள்ள அவங்க வண்டி வந்து நிக்குது. ஊர்ப் பிள்ளைங்க வளர்றதுக்கு ஆராய்ச்சி பண்றாங்களாம்.”

“அப்ப ஊர்ப் பிள்ளைங்களுக்கு?”

“ஆராய்ச்சி முடியட்டும்னாங்க.”

நிலையத்தில் மூட்டை மூட்டையாகப் பயறு வறுத்து அரைக்கிற வாசனை எலிக்காரரின் சட்டையோடு வீட்டுக்கு வரும். சுண்டு ஓடி வந்து அந்தச் சட்டையில் மூக்கைப் புதைத்துக்கொள்வாள். “இப்படியே போனா உங்க சட்டையைப் பிழிஞ்சுதான் பிள்ளைக்கு ஊத்தணும்,” என்பாள் அவர் மனைவி.

திருடியிருக்கலாமே என்று அங்கே யாரோ முணுமுணுக்கிறீர்கள், காதில் விழுகிறது. உருண்டைகளை எண்ணித்தான் கொடுப்பார்கள். வாசலில் காவல்காரர் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டச் சொல்வார். நகக்கண்ணில் மாவு ஒட்டியிருந்தால் தட்டிவிட்டுப் போகச் சொல்வார்.

“ஒரு பிடி கேட்டுத்தான் பாருங்களேன்,” என்றாள் மனைவி. “நாம என்ன அரண்மனையவா கேக்கறோம்?”

“கேட்டா வேலையை விட்டு அனுப்பிடுவாங்கடி.”

“கேக்கலைன்னா பிள்ளை இப்படியே நின்னுடும். ரெண்டுல எது தேவலைன்னு நீங்களே சொல்லுங்க.”

எலிக்காரர் விரலை மடக்கி நாளை எண்ணினார். மறுநாள் நிறுவை நாள். கேட்பதென்றால் நிலையத்து இயக்குநர் சந்தோஷமாக இருக்கிற அன்றுதான் கேட்க வேண்டும். அவர் சந்தோஷமாக இருப்பது நிறுவை நாளில்தான்.

நிறுவை நாள் என்றால் வாராவாரம் எலிகளை நிறுக்கிற நாள். நிலையத்தார் அத்தனை பேரும் வெள்ளைக் கோட்டுப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு வரிசையாக நிற்பார்கள். நடுவில் தராசு. அதைத் தொடும் உரிமை ஒரே ஓர் அம்மாவுக்குத்தான் உண்டு. அவரைத் தராசு அம்மா என்பார்கள். அவர் ஒவ்வோர் எலியாகத் தட்டில் வைத்து எடையைச் சொல்ல, ஏறியிருந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். எலிகளுக்குப் பழகிவிட்டது. கைதட்டல் முடிந்த பிறகுதான் தட்டை விட்டு இறங்கும்.

அதற்கு முன்னால் இயக்குநர் பேசுவார். அன்றும் பேசினார்.

“நண்பர்களே, ஒரு குழந்தை வளராவிட்டால் அது அந்தக் குடும்பத்தின் துயரம். ஓர் எலி வளராவிட்டால் அது அறிவியலின் துயரம். குடும்பங்கள் ஆயிரம் உண்டு, அறிவியல் ஒன்றுதான். ஆகவே நம் இலக்கு உயர்ந்தது. மூன்றாம் அறையின் ஒவ்வோர் எலியும், ஆய்வு முடிவதற்குள் தன் எடையை இரட்டிப்பாக்கியாக வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த உணவு தோற்றது என்று அறிவிப்போம். ஒன்றையும் விட்டுவிட மாட்டோம்.”

கைதட்டல் ஓய்ந்ததும் எலிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

“ஐயா, என் பொண்ணு வளரவே மாட்டேங்குதுங்க. மூணாம் ரூம் உருண்டை தினம் ஒண்ணே ஒண்ணு கொடுத்தீங்கன்னா...”

“உங்க பொண்ணுன்னா, மனித வகையா?”

“ஆமாங்க.”

“மனிதர்களுக்கு இரண்டாம் கட்டத்துலதான். இப்ப நடக்கறது முதல் கட்டம்.”

“முதல் கட்டம் எப்பங்க முடியும்?”

இயக்குநர் அவரைப் பரிவோடு பார்த்தார். “ஒவ்வொரு தடவையும் மூன்றாம் அறை ஜெயிக்குது. ஜெயிச்சது நிஜந்தானான்னு மறுபடியும் பண்றோம். மறுபடியும் ஜெயிக்குது. இவ்வளவு நல்லா போயிட்டிருக்கறதை யாராவது முடிப்பாங்களா?”

எலிக்காரர் திரும்பி நடந்தார். பின்னாலேயே வந்து தோளைத் தொட்டவர் விதிக்காரர். நிலையத்தின் விதிகளையெல்லாம் கரைத்துக் குடித்தவர். கெட்ட மனுஷர் இல்லை, பாவம். யாருக்காவது உதவ வேண்டும் என்று தோன்றினால் அதற்கும் ஒரு விதி கிடைக்கிறவரைக்கும் காத்திருப்பார்.

“இங்க பாருப்பா. எலிக்கு வச்சதை மனுஷப் பிள்ளைக்குக் கொடுத்தா அது திருட்டு. எலிக்குக் கொடுத்தா அது உத்தியோகம்.”

“தெரியுங்க.”

“மூணாம் ரூமுக்குப் புதுசா வந்ததுல ஒண்ணு நேத்து தின்னு தின்னே செத்துப்போச்சில்ல. அந்த இடம் காலி. எண்ணிக்கை குறைஞ்சா புது ஆய்வை ஆரம்பிக்க முடியாது. வெளியூர்லேருந்து எலி வர நாளாகும். ஐயா துடிச்சிட்டிருக்காரு.”

“அதுக்கு நான் என்னங்க பண்ணணும்?”

“விதியில எலின்னா என்னன்னு எழுதலை. ‘மூன்றாம் அறையில் வைக்கப்படுவது எலி’ன்னு மட்டும்தான் இருக்கு. உன் பொண்ணு சின்னதாத்தானே இருக்கா?”

எலிக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“எலின்னு எழுதினா என்ன, யானைன்னு எழுதினா என்ன? வயித்துக்குள்ள போனா சரி.”

“எலின்னா வால் வேணுமேப்பா,” என்றாள் சுண்டு.

“அதெல்லாம் பெரியவங்க பாத்துப்பாங்க. நீ போய்த் தலையை வாரிக்க.”

வாலைப் பற்றிப் பெரியவர்கள் உண்மையிலேயே கவலைப்பட்டார்கள். மறுநாள் கால்நடை மருத்துவர் சுண்டுவை மேஜைமேல் ஏற்றி, காதைப் புரட்டி, பல்லைத் தட்டி, முதுகைத் தடவினார்.

“வால் எங்க?”

“இல்லீங்க,” என்றார் எலிக்காரர்.

“எப்போ போச்சு?”

“பிறந்ததுலேருந்தே இல்லீங்க.”

“பிறவிக் குறை,” என்று எழுதிக்கொண்டார் மருத்துவர். “கடிக்குமா?”

“கோபம் வந்தா அவங்கம்மாவை மட்டும்.”

“குணம் இயல்பு.” அதையும் எழுதிக்கொண்டார்.

காதில் எண் வளையம் மாட்டப் போனபோது சுண்டு போட்ட கூச்சலில் முதல் அறை எலிகள்கூட எழுந்து நின்றன. அதனால் மணிக்கட்டில் நூலால் கட்டினார்கள். எண் முப்பத்தேழு. இயக்குநர் எதிரே நின்ற பெண்ணை ஒரு தடவை பார்த்தார், எதிரே இருந்த தாளை இரண்டு தடவை பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அன்றைக்குப் புது ஆய்வு ஆரம்பமானது.

சுண்டு கூண்டுக்குள் அடங்கவில்லை. மூன்றாம் அறைத் தரையில் சாக்கட்டியால் ஒரு கட்டம் போட்டு, அதுதான் கூண்டு என்று சொல்லிவிட்டார்கள். அவள் அதற்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எலிகளுக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம், அவளுக்கு எடைக்கு ஏற்ற மாதிரி ஒரு தட்டு. முதல் உருண்டையை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தாள். மென்றாள். பிறகு தலை நிமிராமல் தின்றாள். தட்டைத் தடவி விரலைச் சப்பிவிட்டுத்தான் அப்பாவைப் பார்த்தாள். எலிக்காரர் சட்டென்று திரும்பி, ஏற்கெனவே கழுவிய கூண்டை மறுபடியும் கழுவ ஆரம்பித்தார்.

சாயங்காலம் வாசலில் காவல்காரர் மறித்தார்.

“இது நிலையத்து எலி. வெளிய விட முடியாது.”

“மாமா, நான் வீட்டுக்குப் போகணும்,” என்றாள் சுண்டு.

காவல்காரருக்கும் பெண்பிள்ளைகள் உண்டு. அவர் விதிக்காரரைக் கூப்பிட்டார், விதிக்காரர் விதியைக் கூப்பிட்டார். எலி வெளியே போக விதியில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. தப்பி ஓடுவது. ஆகவே தினமும் சாயங்காலம் காவல்காரர், ‘எலி ஒன்று தப்பி ஓடியது’ என்று உள்ளே குரல் கொடுப்பார். சுண்டு அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தப்பி ஓடுவாள். எலியைக் கோட்டை விட்டதற்காக எலிக்காரருக்கு ஒரு கண்டிப்பு. மறுநாள் காலையில் ‘எலி பிடிபட்டது’ என்று குரல் கேட்கும். பிடித்து வந்ததற்காக அதே எலிக்காரருக்கு ஒரு பாராட்டு. தண்டனையும் பரிசும் ஒன்றையொன்று தின்றுவிட, அவர் சம்பளம் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஆனால் கண்ணுகளா, பிள்ளை வளர்ந்தாள். அதை மட்டும் நிலையத்தால் தடுக்க முடியவில்லை. ஒட்டிய கன்னத்தில் சதை பிடித்தது. செம்பட்டை முடி கறுத்துப் பளபளத்தது. கணுக்காலை மூடியிருந்த பாவாடை கணுக்காலுக்கு மேலே வந்தது. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பையன் ஓட, இவள் துரத்திப் போய்ப் பிடித்து முதுகில் ஒன்று வைத்தாள். அவன் அம்மா சண்டைக்கு வந்தாள்.

“உங்க பொண்ணு என் பிள்ளையை அடிச்சுட்டா.”

“அப்படியா? எங்க சுண்டுவா? கை எட்டிச்சா?” என்று கேட்டுவிட்டு, எலிக்காரர் மனைவி சண்டைக்கு வந்தவளையே கட்டிக்கொண்டு அழுதாள்.

நிறுவை நாட்கள் வந்துபோயின. முதலில் எல்லோரும் முப்பத்தேழுக்கும் சேர்த்தே கைதட்டினார்கள். பாதி வழியில்தான் தராசு அம்மாவின் முகம் வாடியது. மற்ற எலிகள் ஒன்றரைப் பங்காகிவிட்டன. முப்பத்தேழும் ஏறிக்கொண்டுதான் இருந்தது, ஒரு மனுஷப் பிள்ளை ஏற வேண்டிய மாதிரி. எலி ஏற வேண்டிய மாதிரி இல்லை.

இயக்குநர் அவசரக் கூட்டம் போட்டார்.

“நிறுக்கறதுக்கு முன்னாடி நிறையத் தண்ணி குடிக்க வச்சா?” என்றார் ஒருவர்.

“குளத்தையே குடிச்சாலும் இரட்டிப்பாகாது,” என்றார் தராசு அம்மா.

“இந்த இனம் மெதுவாத்தான் வளரும்,” என்றார் கால்நடை மருத்துவர்.

“அப்புறம் ஏன் சேர்த்தீங்க?”

“காலி இடம் இருந்துச்சுங்க.”

கடைசியில், எலிக்கு ஊக்கம் போதவில்லை என்று முடிவானது. இயக்குநரே மூன்றாம் அறைக்கு வந்து சாக்கட்டிக் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“முப்பத்தேழு, நான் சொல்றதைக் கவனி. இந்த நிலையம் உன்கிட்ட எதையுமே கேட்கலை. வளர்ச்சியை மட்டும்தான் கேட்குது. உனக்குக் கொடுத்ததே முப்பத்தாறுக்கும் கொடுத்தோம். அது எப்படி இருக்கு பாரு. அதுக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை, தினம் சாயங்காலம் தப்பி ஓடற வசதி இல்லை. இருந்தும் உழைச்சு முன்னுக்கு வந்திருக்கு. உனக்கு வெட்கமா இல்லையா?”

சுண்டு முப்பத்தாறைப் பார்த்தாள். அது காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

“அது வெளையாடவே போகாது, தாத்தா,” என்றாள். “தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குது.”

“ஐயான்னு சொல்லு,” என்றார் இயக்குநர்.

அன்றிலிருந்து அவள் தட்டில் இரண்டு பங்கு. அவளால் முடிந்ததைத் தின்றாள். முடியாததைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரு வாய்டா கண்ணு, சீக்கிரம் இரட்டிப்பாகணுமில்ல,” என்று தராசு அம்மாவே வந்து ஊட்டினார். எலிக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் இயக்குநர் அறைக்குப் போய் நின்றார்.

“ஐயா, மன்னிக்கணும். அது எலியே இல்லீங்க. என் பொண்ணு. பொண்ணுங்க இப்படித்தாங்க வளரும். அந்தக் கணக்குல அவளைச் சேர்க்காதீங்க. உருண்டையை மட்டும் நிறுத்திடாதீங்க.”

அறையில் இருந்தவர்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

“நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்,” என்றார் இயக்குநர். “இந்த நாற்காலிக்கு வந்த நாள்லேருந்து நான் தப்பா ஒரு கையெழுத்துப் போட்டதில்லை. அதனால அது எலி.”

விதிக்காரர் எலிக்காரரை வெளியே அழைத்துவந்து காதோடு சொன்னார். “எலி இல்லைன்னு நீ சொன்னா, அவ இதுவரைக்கும் தின்னதெல்லாம் திருட்டாயிடும். உன்னை உள்ள தள்ளிடுவாங்க. அப்புறம் கஞ்சிக்கும் வழி இருக்காது. பேசாம எலியாவே இருக்கட்டும்ப்பா. பிள்ளைக்கு அதான் நல்லது.”

எலிக்காரர் தலையை ஆட்டினார். அவர் ஆட்டினாரா, அதுவாக ஆடியதா என்று அவருக்கே தெரியவில்லை.

கடைசி நிறுவை நாள் வந்தது. முடிவைக் கேட்க ஊராரையும் கூப்பிட்டிருந்தார்கள். கட்டடத்துக்கு முன்னாலிருந்த புல்தரையில், பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் நின்றார்கள். அவர்கள் பார்க்கட்டும் என்று தராசையே வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எலிகள் ஒவ்வொன்றாக ஏறின. இரட்டிப்பு. கைதட்டல். இரட்டிப்பு. கைதட்டல்.

முப்பத்தேழின் முறை வந்தது. முதல் நாள் அவளைத் தட்டில் ஏற்ற முக்காலி போட வேண்டியிருந்தது. இன்றைக்கு அவளே காலைத் தூக்கி வைத்து ஏறினாள். மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைத்துக்கொண்டு நின்றாள். காற்றும் எடைதானே என்று அவள் நினைப்பு. தராசு அம்மா முள்ளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். குனிந்து, “நல்லா வளர்ந்துட்டேடி, தங்கம்,” என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“இரட்டிப்பாகவில்லை.”

யாரும் கைதட்டவில்லை. இயக்குநர் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

“பெரியோர்களே, தாய்மார்களே. இன்று ஒரு மகத்தான உண்மை தெரியவந்திருக்கிறது. தானியமும் பயறும் சேர்ந்த உணவு வளர்ச்சிக்கு உதவாது. பல காலமாக உதவும் என்று நம்பிவந்தோம். உதவுகிற மாதிரி அது நம் எல்லோரையும் ஏமாற்றியும் வந்தது. முப்பத்தேழு என்ற ஒரே ஓர் எலியின் நேர்மையால் உண்மை வெளிவந்தது. அதை நாம் விட்டுவிடவில்லை.”

“அப்ப பிள்ளைக்கு என்னதாங்க குடுக்கறது?” என்று ஓர் அம்மா கேட்டாள்.

“நல்ல கேள்வி. முதல் அறையைப் பாருங்கள், தானியம் மட்டும். அந்த எலிகள் வளரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. எங்கள் எதிர்பார்ப்பை ஓர் எலிகூடத் தவறாமல் நிறைவேற்றியிருக்கிறது. நூற்றுக்கு நூறு வெற்றி. அதையே கொடுங்கள்.”

எலிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தராசருகே போனார். சுண்டுவை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். கை வலித்தது. அது ஒன்றுதான் அவரிடம் இருந்த சாட்சி.

“ஐயா, பொண்ணு வளர்ந்திருக்காளுங்க. எல்லாரும் பாருங்க. தூக்கவே முடியலைங்க.”

அம்மாக்கள் பார்த்தார்கள். கறுத்த முடியையும் உருண்ட கன்னத்தையும் பார்த்தார்கள். பிறகு இயக்குநரைப் பார்த்தார்கள்.

“அப்பாக்களின் கண்ணுக்கு எல்லாப் பிள்ளைகளும் வளர்ந்த மாதிரிதான் தெரியும்,” என்றார் இயக்குநர், ரொம்பக் கனிவாக. “அதனால்தான் நாங்கள் அப்பாக்களை வைத்து நிறுப்பதில்லை.”

எலிக்காரர் மெதுவாகப் பிள்ளையை இறக்கினார்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. ஆய்வு முடிந்ததும் செய்ய வேண்டிய வேலைகளை விதிக்காரர் வழக்கம்போல மூன்றாம் அறையில் வைத்துப் படித்துச் சொன்னார். “கூண்டைக் கழுவணும். மரத்தூளை எரிக்கணும். நாளைக்குக் காலையில மூணாம் ரூம் எலிகளை அறுத்து ஈரலைப் பார்க்கணும். முப்பத்தஞ்சு, முப்பத்தாறு, முப்பத்து...”

அங்கே நின்றார். எலிக்காரரைப் பார்த்தார். எலிக்காரர் அவரைப் பார்த்தார். சுண்டு இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தரையில் சாக்கட்டிக் கோட்டைக் காலால் அழித்துக்கொண்டிருந்தாள். விதிக்காரரின் நெற்றியில் வியர்வை பொட்டுப் பொட்டாக நின்றது. விதியை மீறுவோம் என்று அவருக்குத் தோன்றியதா, தெரியாது. தோன்றியிருந்தாலும் அதற்கு ஒரு விதி இல்லையே. யோசித்து யோசித்துக் கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“இன்னைக்குச் சாயங்காலம் இது தப்பி ஓடுமில்ல. காலையில பிடிபடாம இருக்கட்டும்.”

“சரிங்க.”

“நாளைக்கு மட்டுமில்லப்பா. என்னைக்குமே. இந்த வேலிக்குள்ள எப்பப் பார்த்தாலும் அது பிடிபட்ட எலிதான். பிடிபட்ட எலியை என்ன பண்ணணும்னு எழுதியிருக்கு.”

சாயங்காலம் காவல்காரர், ‘எலி ஒன்று தப்பி ஓடியது’ என்று குரல் கொடுத்தார். குனிந்து சுண்டுவின் மணிக்கட்டிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“கண்ணு, இனிமே இந்தப் பக்கம் வராதேம்மா. வந்தா மாமா பிடிக்கணும்.”

“நீங்க தினமும்தானே பிடிக்கறீங்க?”

“அது வேற பிடி,” என்றார் காவல்காரர்.

வீட்டில் மறுபடியும் தானியக் கஞ்சி. இப்போதாவது பயறு கடைக்கு வரும் என்று எலிக்காரர் மனைவி காத்திருந்தாள். வரவில்லை. வளர்ச்சிக்கு உதவாது என்று நிரூபித்த பொருளை ஊராருக்கு விற்க நிலையத்துக்கு மனசு வரவில்லையாம். சேமிப்பறை நிறைய மூட்டை மூட்டையாக அரைத்து வைத்திருந்த கலவை மாவை என்ன செய்வது? அதற்கும் ஒரு கூட்டம் போட்டார்கள். இயக்குநர்தான் வழி சொன்னார். நிலையத்துப் புல்தரையில் புல் அடிக்கடி வளர்ந்து தொல்லை கொடுக்கிறது, வெட்ட ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. வளர்ச்சிக்கு உதவாத மாவை அதன்மேல் கொட்டிவிட்டால் புல் வளராது, வெட்டுகிற வேலையும் மிச்சம். எல்லோரும் கைதட்டினார்கள். எலிக்காரர்தான் மூட்டைகளைச் சுமந்துபோய்க் கொட்டினார். அப்போதும் கடைசியில் சட்டையை உதறிக் காட்டச் சொன்னார்கள். பிறகு மழை பெய்தது.

சுண்டுவின் கன்னம் மெல்ல மெல்லப் பழைய மாதிரி ஆனது. பாவாடை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் ஓடினால் அவள் இப்போது துரத்துவதில்லை, நின்ற இடத்திலிருந்தே திட்டுகிறாள்.

ஒரு விடுமுறை நாளில் எலிக்காரர் அவளைக் கூட்டிக்கொண்டு அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. சாலையின் அந்தப் பக்கமாகவே நடந்தார். வாசலில் நின்ற காவல்காரர் இவர்களைப் பார்த்ததும் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு, இல்லாத வண்டிக்கு வழி காட்டினார். வேலிக்குள் புல் இடுப்பளவு நின்றது. இலை ஒவ்வொன்றும் கரும்பச்சையாக, கொழுகொழுவென்று, காற்றுக்குக்கூட அசைய மனசில்லாமல் நின்றது. வெட்டுகிற ஆட்கள் வரிசையாக வெட்டிக்கொண்டே போக, வெட்டிய இடத்தில் பின்னாலேயே துளிர்த்துக்கொண்டிருந்தது.

சுண்டு நின்றுவிட்டாள்.

“அப்பா, அது தோத்துப்போன தீனிதானே?”

“ஆமா.”

“அதைத் தின்னா வளராதுன்னு அந்த ஐயா சொன்னாரில்ல?”

“சொன்னாரு.”

“அப்புறம் புல்லு மட்டும் ஏன்ப்பா இப்படி வளருது?”

எலிக்காரர் வேலியைப் பார்த்தார், கட்டடத்தைப் பார்த்தார், பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். கை வலிக்கவில்லை.

“புல்லுக்கு அதை இன்னும் யாரும் சொல்லலைடா,” என்றார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போகிறவர்கள் இதையும் வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுப் பானையில் தானியமும் பயறும் அண்ணன் தங்கையாகச் சேர்ந்தே வேகட்டும். உங்கள் பிள்ளைகள் யார் சொன்ன கணக்குக்கும் இல்லாமல், தங்கள் பாட்டுக்கு, தங்கள் வேகத்தில் வளரட்டும். அவர்களை நிறுக்க வருகிற கை முதலில் ஒரு வாய் ஊட்டிவிட்டு நிறுக்கட்டும். உங்கள் வாசற்படிக்கு உள்ளே இருக்கிற அத்தனை பேரும் மனுஷராகவே இருந்து, வயிறு நிறைந்து, மனசு நிறைந்து, நல்லபடியாக வாழுங்கள்.